டோசெட்டிசம் என்னும் சொல்லின் பொருளும் தோற்றமும்

கேள்வி: தொடக்கக்காலத் திருச்சபை மறுத்த கொள்கைகளுள் ஒன்றான டோசெட்டிசத்தின் வேர்ப்பொருள் என்ன, அப்பெயர் எப்போது வழக்கில் வந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: 'தோன்றுதல்' என்று பொருள்படும் 'டொகெயின்' என்ற கிரேக்க வினையே வேர். கிறிஸ்துவின் உடலும் பாடுகளும் வெறும் தோற்றமே என்பது இக்கொள்கையினரின் துணிபு.

மறுமொழி 2: நமக்குக் கிடைத்தவற்றுள், ரோசுஸ் ஊர்ச் சபையில் வாசிக்கப்பட்ட, விவிலியத்தில் சேராத பேதுரு நற்செய்தியைக் குறித்து அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன் 2ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதியதில்தான் இக்கொள்கையினரைக் குறிக்கும் 'டொகேட்டாய்' என்ற பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. சிலுவையில் ஆண்டவர் வலியே இல்லாதவர்போல் மௌனமாயிருந்தார் என்றொரு வரி அந்நூலில் உண்டு.

மறுமொழி 3: பெயர்தான் பிந்தியது, கருத்து முந்தியது. செராப்பியோனுக்கு வெகுமுன்பே அந்தியோக்கியா ஆயராயிருந்து, கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இக்னாசியார், கிறிஸ்துவின் பாடுகள் தோற்றமே என்றால் என் விலங்குகளும் தோற்றமே என்று சிமிர்னா சபைக்கு எழுதினார். எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்கும் வாதம் இது.