பழைய பெட்டி ஹால்கள் ஏன் இவ்வளவு நல்லா ஒலிக்குது?

மேகராகம்:
சிட்னி ஓபரா ஹவுஸை படத்தில் பார்த்தாலே மலைப்பா இருக்கு. ஆனா கச்சேரி கேட்டுப் பழகினவங்க வியன்னாவோட மியூசிக்ஃபெரைன் கச்சேரி ஹாலைத்தான் தலையில் தூக்கி வைக்கிறாங்க. அது வெறும் நீளப் பெட்டி, 1870-ல் திறந்தது. அப்போ கம்ப்யூட்டர் ஏது? எப்படி அமைஞ்சது?

மிக்ஸர்மேசை:
ஒலி வேலையிலேயே கிடக்கிறவன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

சூட்சுமம் அகலத்தில் இருக்கு. அந்த ஹால் சுமார் 19 மீட்டர் அகலம்தான். வயலின் சத்தம் நேரா காதுக்கு வந்த சூட்டோட, பக்கச் சுவரில் பட்டுத் திரும்பினதும் வந்து சேர்ந்துடும். நடுவில் சில மில்லி செகண்டுதான் இடைவெளி. காது அதை எக்கோன்னு பிரிக்காது, ஒன்னாக் கலந்துக்கும். இசைக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி தோணுறது அதனாலதான். சுவரோரத் தங்கச் சிலைகள், பால்கனி, கட்டம் கட்டமான கூரை எல்லாம் அழகுக்கு வெச்சது. ஆனா அதுங்கதான் சத்தத்தைச் சிதறடிச்சு மெருகேத்துது.

கட்டின தியோஃபில் ஹான்சன் கையில் ஹாலில் சத்தம் அடங்குற நேரத்துக்கான சூத்திரம் கிடையாது. அது 1890-களில் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் கொடுத்தது. ஒரு தியேட்டரோட சீட் மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து லெக்சர் ஹாலில் பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்க விட்டு நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை செகண்டுன்னு காதாலேயே கேட்டு அளந்தார். ராத்திரியில்தான், பகலில் தெருச் சத்தம். அந்தக் கணக்கில் எழுந்தது 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால். அதுவும் பெட்டிதான்!

சிட்னி கதை வேற. கட்டடக் கலைஞர் உட்ஸன் 1957 வடிவமைப்புப் போட்டியில் ஜெயிச்சது அந்த வெளி வடிவத்துக்கு. 1966-ல் பாதியிலேயே விலகிட்டார், உள்ளே முடிச்சவங்க வேற ஆளுங்க. கச்சேரி ஹாலில் மேடைக்கு மேலே கூரை ரொம்ப உயரம், வாசிக்கிறவங்களுக்கே பக்கத்து ஆள் சரியாக் கேட்கலை. அக்ரிலிக் வளையங்களைத் தொங்க விட்டு ஒப்பேத்தினாங்க. 2022-ல் புதுப்பிச்சுத் திறந்தப்போதான் அதெல்லாம் மாறுச்சு.

கடைசிவரிசை:
பெட்டிக்கு இவ்வளவு புகழாரம் வேண்டாமே. பெர்லின் ஃபில்ஹார்மனி ஹால், 1963, வடிவமைச்சது ஹான்ஸ் ஷரூன். மேடை நடுவில், சுத்திப் படிப்படியா ஜனங்க. வெளியிலும் ஊருக்கே அடையாளம். ஒலியில் என்ன குறை?

மிக்ஸர்மேசை:
குறையே இல்லை. சீட்டுகள் இருக்கிற ஒவ்வொரு படித்தட்டின் முன்சுவரும் அங்கே பக்கச் சுவர் வேலை பார்க்குது. அந்தக் கட்டடத்தை உள்ளேயிருந்து வெளியே யோசிச்சிருக்காங்க. ஹாம்பர்க் எல்ப்ஃபில்ஹார்மனியும் (2017) அந்த வகைதான்: தினுசு தினுசாக் குடைஞ்ச சுமார் 10,000 ஜிப்சம் பலகைகள், துறைமுகச் சத்தம் ஏறாம இருக்க ஹாலே ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கு. செலவுதான் கண்ணைக் கட்டும்.

என்னைக் கேட்டா உண்மையான எதிரி வடிவம் இல்லை, சீட் ஆசை. நியூயார்க் லிங்கன் சென்டரில் 1962-ல் திறந்த ஹாலுக்கு, வரைபடத்தில் இருந்ததை விட சீட்டை ஏத்தினாங்க, கணக்கு கெட்டுது. 1976-ல் உள்ளே முழுக்க இடிச்சுக் கட்டியும் திருப்தி இல்லை. 2022-ல் சுமார் 500 சீட்டைக் கழிச்சு, மேடையை முன்னால நகர்த்தினப்புறம்தான் முனகல் குறைஞ்சது.

மேகராகம்:
அருமை சார். பழைய பெட்டி ஹாலில் டிக்கெட் எடுத்தா எங்கே உட்காரணும்?

மிக்ஸர்மேசை:
பால்கனிக்கு அடியில் உள்ளடங்கின வரிசை மட்டும் வேண்டாம், கூரையில் பட்டு வர்ற சத்தம் அங்கே எட்டாது. மேல் மாடி விலையும் கம்மி, வாத்தியங்கள் நல்லாக் கலந்தும் வரும். மேடை பாதி மறைக்கும், அவ்வளவுதான்.