உப்பு அம்பாரத்துக்குப் புதிய தார்ப்பாய்: எந்த அளவைச் சொல்லி வாங்குவது?

கேள்வி: தூத்துக்குடி உப்பளத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் சிறிய அளவில் உப்பளம் நடத்தி வருகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அம்பாரத்தை மூடுவதற்காக வாங்கிய தார்ப்பாய் மூன்று பருவம் உழைத்துவிட்டு, இப்போது மடிப்பு விழுந்த இடமெல்லாம் நூல் பிரிந்து கிடக்கிறது. புதிதாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "பழையது என்ன சைஸ்?"

பழையதை 22க்கு 45 அடி என்று சொல்லி வாங்கினேன். நேற்று விரித்து அளந்தபோது நீளம் ஓர் ஓரத்தில் 43 அடி 10 அங்குலமாகவும், எதிர் ஓரத்தில் 44 அடி 1 அங்குலமாகவும், நடுவில் 44 அடி 5 அங்குலமாகவும் இருந்தது. அகலம் எங்குமே 21 அடி 3 அங்குலத்தைத் தாண்டவில்லை. சென்ற மழையில் வடகோடியில் துணி எட்டாமல் அடி உப்பு கரைந்து போனதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

அம்பாரம் அடியில் 16 அடி அகலம், 40 அடி நீளம். உயரம் 6 அடி. அகலத்தோடு இருபக்க உயரத்தையும் கூட்டி 28 அடி அகலம் சொல்லச் சொல்கிறார் என் மைத்துனர். அவ்வளவு தேவைப்படுமா? பழைய துணியின் மூன்று நீளங்களில் எதை நம்புவது?

பதில் 1: வேதாரண்யத்திலிருந்து

தம்பி, மைத்துனர் சொல்லும் கணக்கு லாரிக்குப் பொருந்தும். லாரிச் சுமையின் பக்கங்கள் செங்குத்தாக நிற்பதால் உயரத்தை அப்படியே கூட்ட வேண்டும். அம்பாரம் சரிந்து நிற்பது; பாதி அகலம் 8 அடி, உயரம் 6 அடி என்றால் சரிவு 10 அடி. இரண்டு பக்கமும் சேர்ந்து 20 அடிதான். நீளத்திலும் இரு கோடிகளும் இதே சரிவாக இருந்தால், உச்சியில் 24 அடியும் கோடிக்குப் பத்துப் பத்து அடியுமாக 44 அடி வரும்.

ஆனால் இந்தக் கணக்கையும் நம்பி விட்டுவிட வேண்டாம். கொட்டிய உப்பு கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சரிவதில்லை. ஒரு தேங்காய்நார்க் கயிற்றை ஒரு பக்க அடியிலிருந்து உச்சி வழியாக மறுபக்க அடி வரை, உப்பின் மேல் படிந்திருக்கும்படி போடுங்கள். இரு முனையிலும் முடிச்சிட்டு, கயிற்றைத் தரையில் நேராக்கி முடிச்சுக்கு முடிச்சு அளந்தால் அதுதான் உண்மையான அகலம். நைலான் கயிறு இழுத்தால் நீளும், அது வேண்டாம். தலை, நடு, வால் என மூன்று இடத்தில் போட்டுப் பார்த்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலை வேய்ந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. குறைந்த இடத்தில் நாலு ஓலையைக் கூடச் செருகினால் போதும்.

பதில் 2: தார்ப்பாய் தைப்பவர்

அண்ணாச்சி, நான் இருபது வருடமாகத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிறேன். உங்கள் துணி சுருங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வாங்கிய அன்றைக்கே அது அவ்வளவுதான் இருந்திருக்கும். நீங்கள் சொன்ன 22க்கு 45 என்பது கட்டிங் சைஸ், அதாவது வெட்டும்போது இருந்த அளவு. ஓரத்தைக் கயிறு வைத்து மடிக்கும்போது பக்கத்துக்கு 2 அங்குலம் போகும். துண்டுகளை ஒட்டும் ஒவ்வொரு இணைப்பிலும் இன்னொரு 2 அங்குலம் போகும். நாலு துண்டு சேர்த்து அகலம் எடுத்தால் மூன்று இணைப்புக்கு 6, இரு மடிப்புக்கு 4 என மொத்தம் 10 அங்குலம் மறைந்துவிடுகிறது. ஆகவே "ஃபினிஷிங் சைஸ் (தைத்து முடித்த பின் உள்ள அளவு) இவ்வளவு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, பில்லிலும் அதையே போடச் சொல்லுங்கள்.

பழைய துணியின் ஓரத்துக்கும் நடுவுக்கும் வேறுபாடு இருப்பதற்கு ஓரக் கயிறுதான் காரணம். கயிறு இழுபட்டு ஓரத்தைச் சுருக்குகிறது, நடுத்துணி தொய்ந்து நீள்கிறது. பழையதை அளந்தே தீர வேண்டுமென்றால், காற்று எழும்பாத காலை நேரத்தில், உப்பைத் தட்டிவிட்டு, சமதரையில் விரித்து, மூலைகளில் கல் வைத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளக்க வேண்டும். கயிறு கட்ட ஓரத்தில் பதித்திருக்கும் ரிங்கிலிருந்து ரிங்குக்கு அளந்து வந்து சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரிங்குக்கு ரிங் எத்தனை அடி என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ரிங் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும்.

டேப்பையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் கடையிலேயே ஒரு 30 மீட்டர் டேப்பில் முனை அறுந்து, யாரோ 3 அங்குலத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். தெரியாமல் ஒரு வாரம் அதில்தான் அளந்தோம். முனையில் சந்தேகம் இருந்தால் 1 அடிக் கோட்டிலிருந்து தொடங்கி, முடிவில் 1 அடியைக் கழித்துவிடுவது நல்லது.

இன்னொன்று, எண்ணோடு புள்ளி வைத்து எழுதாதீர்கள். 23.10 என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நான் 23 அடி 10 அங்குலம் என்று படிப்பேன். கணினியில் பில் போடும் பையன் 23.1 அடி, அதாவது 23 அடியும் ஓர் அங்குலமும் என்று படிப்பான். அதிலேயே முக்கால் அடி போய்விடும்.

பதில் 3: கேள்வி கேட்டவர்

மிகவும் நன்றி. இன்று காலை கயிறு போட்டுப் பார்த்தேன். நடுவில் 20 அடி 5 அங்குலமும், தென்கோடிக்கு அருகில் 19 அடி 8 அங்குலமும் வந்தன. வடகோடிப் பக்கம் உப்பு சரிந்து பரவியிருந்ததால் 21 அடி வந்துவிட்டது. நீளவாக்கில் 44 அடி 6 அங்குலம். சுற்றிலும் ஒன்றரை அடி தரையில் கிடந்தால்தான் மண்மூட்டை வைத்து அழுத்த முடியும். ஆகவே 24க்கு 48 அடி, ஃபினிஷிங் சைஸ், 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை), 3 அடிக்கு ஒரு ரிங் என்று எழுதியிருக்கிறேன். ஒரே துணியாக வாங்கலாமா, இரண்டாகவா?

பதில் 4: தார்ப்பாய் தைப்பவர்

ஒரே துணியாகவே வாங்குங்கள். இரண்டாக வாங்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு 4 அடியாவது கூடுதலாகச் சொல்ல வேண்டும். வடக்குத் துணி மேலே வருமாறு போடாவிட்டால் வாடைக்காற்று மழையை உள்ளே ஏற்றிவிடும்.

துணி வந்ததும் கடை வாசலிலேயே விரித்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 24க்கு 48 என்றால் இரண்டுமே 53 அடி 8 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் துணி கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. பிறகு தராசில் ஏற்றுங்கள். அந்தப் பரப்பு ஏறத்தாழ 107 சதுர மீட்டர் என்பதால், 250 ஜிஎஸ்எம் துணி மட்டுமே 27 கிலோவை நெருங்கும், கயிறும் ரிங்கும் அதற்கு மேல். 22 கிலோ காட்டினால் பணம் கொடுக்காதீர்கள்.