அல்லிக்கேணி வீடு குழு: ஹூஸ்டன் வளைகாப்பு

வசந்தா: திவ்யா வளைகாப்பு 14ஆம் தேதி, சனிக்கிழமை. டாலஸில் இருந்து ஹூஸ்டனுக்கு எப்படிப் போவது கார்த்திக்? காரில் நாலு மணி நேரம் என் இடுப்பு தாங்காது.

கார்த்திக்: செஸ்னா குட்டி விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுகிறேன் அத்தை. இரண்டு மணி நேரம்தான்.

வசந்தா: முருகா

மாலதி: போன வருடம்தான் லைசென்ஸ் வாங்கினான். பெற்றவள் நானே இன்னும் ஏறவில்லை.

பாலு: செலவை நாங்கள் மூன்று பேர் போட்டுக்கொள்கிறோம். பைலட்டுக்கு ஃப்ரீ.

ரமணி: அத்தான், அது கூடாது. அமெரிக்க விமான விதி 61.113 என்ன சொல்கிறது என்றால், பிரைவேட் பைலட் பயணிகளோடு செலவைப் பகிரலாம், ஆனால் தன் பங்கில் ஒரு டாலர்கூடக் குறைக்கக் கூடாது. நாலு பேருக்கு 600 டாலர் ஆனால் கார்த்திக் 150 போட்டே ஆக வேண்டும். கூடப் போட்டால் தப்பில்லை. அதுவும் எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை, இவற்றை மட்டும்தான் பகிரலாம். அவன் ஹோட்டல் ரூம், சாப்பாடு எல்லாம் இதில் வராது.

பிரியா: அப்பா ஆடிட் ஆரம்பம்

பாலு: குருவாயூர் வேன் கணக்கு மாதிரி ஆகாமல் இருந்தால் சரி

ரமணி: அதில் டீசல் பாக்கி யார் பக்கம் என்று ஊருக்கே தெரியும்.

வசந்தா: இரண்டு பேரும் நிறுத்துங்கள்

கார்த்திக்: சித்தப்பா சொல்வது சரிதான். அப்புறம், எல்லோரும் உங்கள் எடை, பெட்டி எடை அனுப்புங்கள். நாலு சீட் என்றுதான் பெயர். டேங்க் நிரப்பினால் நாலு பெரியவர்களைத் தாங்காது.

வசந்தா: எடையா? குழுவிலா?

பாலு: எனக்கு 88. அவள் சொல்ல மாட்டாள்.

வசந்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா: அக்கா, மாட வீதியில் கண்ணாடி வளையல் வாங்கியாச்சா?

மாலதி: 2-4ஆ 2-6ஆ?

சுதா: திவ்யாவுக்கு இப்போது கை வீங்கியிருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன்.

பாலு: மாலதி வரவில்லை என்றால் ஒரு சீட் காலி. எங்கள் ஃபிளாட் குழுவில் போட்டுவிட்டேன். பி பிளாக்காரர் மகளும் டாலஸில்தான் இருக்கிறாளாம்.

ரமணி: உடனே அழியுங்கள்! தெரிந்தவர்கள் சேர்ந்து போவது வேறு, ஊரைக் கூப்பிட்டு சீட் கொடுப்பது வேறு. அதற்கு விமானக் கம்பெனி உரிமம் வேண்டும். ஃபிளைட்நவ் என்று ஓர் இணையதளம் பைலட்டையும் பயணியையும் இப்படித்தான் சேர்த்துவைத்தது. 2015 டிசம்பரில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட், அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. ஐரோப்பாவில் விங்லி தளம் வழியாக இதையே செய்யலாம். அது அந்த ஊர் விதி.

பிரியா: அப்பா, மூச்சு விடுங்கள்

பாலு: பி பிளாக்காரர் ஜிபே நம்பர் கேட்கிறார்

கார்த்திக்: மாமா ப்ளீஸ். என் லைசென்ஸ் போய்விடும்.

கார்த்திக்: இன்னொன்று. அன்றைக்கு எனக்கு ஆன்-கால் வேலை விழலாம். விழுந்தால் உங்களை இறக்கிவிட்டு உடனே திரும்பிவிடுவேன்.

ரமணி: அப்படியானால் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஹூஸ்டனில் அவனுக்கும் காரியம் இருந்தால்தான் பகிர்வு செல்லும். அவனும் வளைகாப்புக்கு வந்தால் சரி. உங்களைக் கொண்டுபோய் விடுவதற்கென்றே பறந்தால் அது ஆட்டோ.

வசந்தா: சும்மா கூட்டிப் போகலாமா?

ரமணி: முழுச் செலவும் அவனே போட்டால் தாராளமாக.

மாலதி: தாராளமாகவா? அவன் வீட்டு லோனை நீங்கள் கட்டுகிறீர்களா தம்பி?

பாலு: பணம் வேண்டாம். ஒரு பட்டு வேட்டி எடுத்துத் தருகிறேன்.

ரமணி: பிரதிபலன் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை அத்தான். எஃப்ஏஏ அதை ரொம்ப அகலமாகப் பார்க்கும்.

பிரியா: முறுக்கு?

ரமணி: விளையாடாதே.

சுதா: எத்தனை பேருக்கு ரூம் போடட்டும்? யாராவது சொல்லுங்கள்.

கார்த்திக்: வெள்ளிக்கிழமை வானிலை பார்த்துச் சொல்கிறேன் அத்தை. இடி மழை என்றால் கார்தான்.

வசந்தா: என் இடுப்பு

சுதா: 2-8 வேண்டுமாம்

மாலதி: 2-6 வாங்கிவிட்டேனே!

பாலு: கார் என்றால் அதில் சீட் இருக்குமா என்று பி பிளாக்காரர் கேட்கிறார்