யார்க்ஷயர் டேல்ஸில் இரண்டு நாள் சைக்கிள் பயணம்: எந்த வழி நல்லது?

சமவெளிக்காரன்:

வணக்கம். மூன்று ஆண்டுகளாகக் கேம்பிரிட்ஜில் இருக்கிறேன். சுற்றிலும் தட்டை நிலம்; பாலங்களை விட்டால் ஏற்றமே கிடையாது. வார இறுதியில் 120, 130 கிலோமீட்டர் ஓட்டுவது பழகிவிட்டது. ஜூன் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் பள்ளத்தாக்குப் பகுதியான யார்க்ஷயர் டேல்ஸில் உள்ள சைக்கிள் வழி ஸ்கிப்டனில் தொடங்கி அங்கேயே முடியும் 130 மைல் வட்டம் என்று படித்தேன். கிலோமீட்டரில் 210, நாளொன்றுக்கு 105. என்னால் முடியும் என்றுதான் தோன்றுகிறது. முன் பல்சக்கரம் 50/34 பல், பின்னால் 11-28 பல். டயர் 25 மில்லிமீட்டர். சுண்ணாம்புப் பாறை நிலத்தை நான் பார்த்ததே இல்லை; மால்ஹம் கோவ் பாறையை விட்டுவிட மனமில்லை. இந்தத் திட்டம் சரிதானா?

மேட்டுவழி:

தம்பி, 210 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே கிலோமீட்டரை எண்ணிப் பயனில்லை. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு எத்தனை முறை ஏறித் தாண்டுகிறோம் என்றுதான் எண்ண வேண்டும். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் அவை. அடி அகலமாக, தட்டையாக இருக்கும். இரு பக்கமும் சுவர்போல எழும்பும். ஆற்றோரமாகப் போகும்வரை உங்கள் கேம்பிரிட்ஜ் சாலைதான். சாலை ஆற்றை விட்டு விலகிய உடனே 15, 20 சதவீத ஏற்றம் வந்துவிடும். பதினோரு ஆண்டுகளாகப் பிராட்ஃபோர்டிலிருந்து அங்கே போய் வருகிறேன். ஒரு நாளுக்கு இரண்டு தாண்டல் என்பதே என் கணக்கு. மூன்றாவதில் கால் வலிப்பதைவிட, கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

என் வழி இது. ரயிலில் கார்கிரேவ் வந்து இறங்குங்கள். அங்கிருந்து ஏர்ட்டன் வழியாக மால்ஹம்வரை சிறு சாலை, காலைச் சூடேற்றப் போதுமானது. மால்ஹமிலிருந்து கோவ் சாலையில் ஏறும்போது வலப்பக்கம் அந்தப் பாறைச்சுவர் தெரியும்: 80 மீட்டர் உயரம், வெள்ளை, உள்வளைந்த பிறை. பனி உருகிய காலத்தில் அதன் விளிம்பிலிருந்து அருவி விழுந்திருக்கிறது. இன்று மேலே வரும் நீரெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடுவதால் சுவர் காய்ந்து நிற்கிறது. 2015 டிசம்பர் பெருமழையில் மட்டும், இன்று உயிரோடு இருக்கும் எவரும் கண்டிராத விதமாக, அங்கே மீண்டும் அருவி விழுந்தது. நான் அன்று போகவில்லை. இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

மேட்டை ஏறி முடித்தால் மால்ஹம் டார்ன் ஏரி. சுண்ணாம்பு நிலத்தில் ஏரி எப்படித் தங்கும் என்று கேட்பீர்கள். அந்த ஓரிடத்தில் அடியில் நீர் இறங்காத ஸ்லேட் பாறை இருக்கிறது. ஏரியிலிருந்து வெளியேறும் ஓடை சுண்ணாம்பைத் தொட்டதும், சிறிது தூரத்திலேயே, கூழாங்கற்களுக்கு இடையில் அப்படியே மறைந்துபோகும். சாலையோரம் வண்டியைச் சாத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். அந்த நீர் கோவ் பாறையின் அடியில் வெளிவரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதுவோ மால்ஹம் ஊரையும் கடந்து தெற்கே ஏர்ஹெட் ஊற்றில் வருகிறது. கோவ் அடியில் வருவது வேறோர் ஓடையின் நீர். மண்ணுக்குள்ளே இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன!

அதன் பிறகு டார்ன்புரூக் பண்ணை. சட்டென்று இறங்கி, சட்டென்று ஏறும். இறங்கும் வேகத்திலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். பிறகு ஆர்ன்கிளிஃப், அங்கிருந்து லிட்டன்டேல் பள்ளத்தாக்கின் வழியே கீழே வந்து கெட்டில்வெல், பக்டன், ஹப்பர்ஹோம். அடுத்து ஃப்ளீட் மாஸ் மேடு, 589 மீட்டர் உயரம். அதைத் தாண்டினால் ஹாஸ். இரவு அங்கே தங்கலாம். மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். குறைவு என்று தோன்றும், மாலையில் தோன்றாது.

மறுநாள் ஹாஸிலிருந்து ரிபிள்ஹெட், ஹார்ட்டன், செட்டில். அங்கே ரயில் ஏறிவிடலாம். 35 கிலோமீட்டர். காலில் பலம் மிச்சமிருந்தால் காலையிலேயே பட்டர்டப்ஸ் கணவாய்வரை போய்த் திரும்புங்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு நான் ஸ்டெயின்ஃபோர்த்திலிருந்து பென்-இ-கென்ட் மலையின் பக்கமாக ஏறி ஹால்டன் கில் இறங்கினேன். வெயில் காலம், இரண்டு போத்தலும் காலி. ஆற்றங்கரை ஊர்கள்தானே, எங்கேனும் முகம் கழுவலாம், பிடரியை நனைக்கலாம் என்று நம்பி வந்தேன். லிட்டன் அருகே பாலம் இருந்தது, ஆறு இல்லை. ஸ்கர்ஃபேர் ஆறு முழுவதும் நிலத்துக்கடியில் போய்விட்டிருந்தது. மேலே வெளுத்த உருண்டைக் கற்கள் மட்டும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். தோட்டக் கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓர் அம்மா இரண்டு போத்தலையும் நிரப்பிக் கொடுத்தார். மழை பெய்யும் நாடு என்று நம்பிப் போகாதீர்கள். அந்த மழைநீர் நிலத்தின் மேலே நிற்காது. கார்கிரேவ், மால்ஹம், கெட்டில்வெல், இந்த மூன்று ஊரிலும் போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். ஓடை தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்க வேண்டாம், மேலெல்லாம் ஆட்டுப்பட்டி.

காற்றெதிர்:

வழி அருமை. ஆனால் திசையில் நான் மாறுபடுகிறேன். அங்கே பெரும்பாலும் வீசுவது மேற்கு, தென்மேற்குக் காற்று. ஹாஸிலிருந்து ரிபிள்ஹெட் போகும் சாலையில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. இரண்டாம் நாள் களைத்த காலோடு அந்தக் காற்றில் முட்டுவது கொடுமை. செட்டிலில் தொடங்கி முதல் நாளே ஹாஸ் போய்விட்டால் காற்று முதுகில் தள்ளும்.

மேட்டுவழி:

உண்மைதான், காற்றை நான் சொல்லாமல் விட்டது தவறு. ஆனால் திருப்பிப் போனால் ஃப்ளீட் மாஸை ஹாஸ் பக்கமிருந்து ஏற வேண்டும். அந்தப் பக்கம்தான் கொடியது. 34-28 கியரில் அதை அவரிடம் ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யட்டும். மேற்குக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் நீங்கள் சொல்வதே சரி.

சமவெளிக்காரன்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் கியரை மாற்றிவிடட்டுமா? ஏற்றம் எவ்வளவு என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? பட்டர்டப்ஸ் அவசியம் பார்க்க வேண்டியதா?

மேட்டுவழி:

மாற்றுங்கள். பின்னால் 34 பல் இருந்தால் நல்லது. உங்கள் வண்டியின் பின் கியர்மாற்றி ஏற்காவிட்டால் 32ஆவது. டயரும் 28 போடுங்கள். சாலையில் சிதறிக் கிடக்கும் கல்சில்லுகள் கத்திபோல இருக்கும்.

பிரிட்டனின் அரசு நிலப்பட அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் வரைபடத்தில் 98ஆம் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். சாலையின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 சதவீதம், இரண்டு இருந்தால் 20க்கு மேல். அம்பு இறக்கத்தைக் காட்டும். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு இறக்கம் என்று நம்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். கெட்டில்வெல்லிலிருந்து வடகிழக்கே போகும் பார்க் ராஷ் 25 சதவீதம். இந்த முறை அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

இறக்கத்தில் இரண்டு ஆபத்து. ஒன்று, கால்நடைகளைத் தடுக்கச் சாலையில் பதித்த இரும்புக் கம்பிகள். நேராகச் செல்லுங்கள், அவற்றின் மேல் பிரேக்கைத் தொடாதீர்கள். மற்றொன்று செம்மறி. ஜூனில் குட்டிகள் வளர்ந்திருக்கும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் மேய்வதைக் கண்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள். மிரண்ட குட்டி தாயை நோக்கித்தான் ஓடும், உங்கள் சக்கரத்துக்குக் குறுக்காக. ஃப்ளீட் மாஸ் இறக்கத்தில் இப்படித்தான் என் தோள் எலும்பு போயிற்று.

பட்டர்டப்ஸ் கட்டாயம் பாருங்கள். சாலையோரத்திலேயே சுண்ணாம்பு கரைந்து உண்டான ஆழக்குழிகள். ஹாஸ் சந்தைக்குப் போன உழவர்கள் வெண்ணெய் உருகாதிருக்க அதில் இறக்கிவைத்தார்கள் என்று பெயர்க்காரணம் சொல்கிறார்கள். 2014 ஜூலை 5 அன்று டூர் டி பிரான்ஸின் முதல் கட்டம் லீட்ஸிலிருந்து இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. 2019 உலகச் சாலைப் போட்டியில் ஆண்கள் இங்கே ஏற வேண்டியிருந்தது. பெருமழையால் பாதையைச் சுருக்கி இந்த ஏற்றத்தையே நீக்கிவிட்டார்கள். ஆகவே மழை பெய்தால் நீங்கள் திரும்பிவிடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

சமவெளிக்காரன்:

போய் வந்துவிட்டேன். காற்று வலுக்கவில்லை, மேட்டுவழி அக்கா சொன்ன திசையிலேயே போனேன். டார்ன்புரூக்கில் இறங்கி வண்டியைத் தள்ளினேன். ஃப்ளீட் மாஸில் தள்ளவில்லை. பட்டர்டப்ஸில் மூடுபனி, குழிக்குள் நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது.

ஆர்ன்கிளிஃபில் வழியை விட்டு இடப்பக்கம் திரும்பி லிட்டன்வரை போனேன். அந்தப் பாலத்தைப் பார்க்காமல் வர முடியவில்லை. மூன்று வாரமாக மழை இல்லையாம். ஆற்றுக்குள் இறங்கி, காய்ந்த கற்களின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போத்தல் இரண்டும் நிறைந்திருந்தன.