பரப்புக் குறைபாடா, பரப்புப் பிறழ்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உலோக வினையூக்கிகள் பற்றிய இந்த இழையில், 'சர்ஃபேஸ் டிஃபெக்ட்' (படி, மூலை என்று, பரப்பில் அணுக்களின் வரிசை ஒழுங்கு தவறும் இடம்) என்பதற்குத் தமிழில் 'பரப்புக் குறைபாடு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகப் போகிற நேரத்தில் குறுக்கே வருகிறேன். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை வேதியியலிலிருந்தே சொல்கிறேன்.

பிளாட்டினக் கட்டியின் உள்ளே இருக்கும் ஓர் அணுவுக்கு 12 அண்டை அணுக்கள். நெருக்கமாக அடுக்கிய சமதளப் பரப்பில் இருக்கும் அணுவுக்கு 9. ஓர் அடுக்கு முடிந்து பரப்பு கீழே இறங்கும் படியின் விளிம்பில் 7. அந்த விளிம்பே திரும்பும் மூலையில் 6. சமதளத்தின் மேல் தனியாக ஒட்டி நிற்கும் அணுவுக்கு வெறும் 3. அண்டை குறையக் குறைய, பிணைப்பதற்கான திறன் அணுவிடம் மிச்சம் இருக்கிறது. வாயு மூலக்கூறை அது இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. படிகள் உள்ள பிளாட்டினப் பரப்பில் கார்பன் மோனாக்சைடை ஏற்றி மெல்லச் சூடாக்கினால், சமதளத்தில் இருந்தது முதலில் கிளம்பிவிடும். படி விளிம்பில் இருந்தது இன்னும் சூடேறிய பிறகுதான் வெளியேறும். வெளியேறும் வாயுவின் அளவை வெப்பநிலையோடு வரைந்தால் இரண்டு முகடுகள் தனித்தனியாகத் தெரியும்.

ருத்தேனியம் என்ற உலோகம் இதைவிட அழுத்தமான சாட்சி. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 500 கெல்வினில் நைட்ரஜன் மூலக்கூறு சமதளத்தில் உடைவதைவிடப் படிகளில் குறைந்தது 100 கோடி மடங்கு வேகமாக உடைகிறது என்று கண்டார்கள். எப்படித் தெரிந்தது என்றால், பரப்பின் ஓரிரு சதவீதத்தை மூடும் அளவுக்கு மட்டும் தங்கத்தைப் படியவிட்டார்கள். தங்க அணுக்கள் நேராகப் போய்ப் படிகளில் உட்கார்ந்துகொண்டன. வினை ஏறக்குறைய நின்றே போனது. மொத்த வேலையையும் செய்துகொண்டிருந்த இடத்துக்குக் 'குறைபாடு' என்று பெயர் வைத்தால், அது சரிசெய்ய வேண்டிய ஒன்று என்றுதானே மாணவர் நினைப்பார்? தவிர, மேலே ஒட்டி நிற்கும் அணு கூடுதலாக வந்தது. அங்கே குறை எங்கே இருக்கிறது?

சரி, 'செயல்மையம்' என்று சொல்லிவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு கருத்து. வினையூக்கியின் பரப்பு முழுவதும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை, சில இடங்களே செய்கின்றன என்று வேதியியலாளர் ஹியூ டெய்லர் 1925இல் முன்வைத்தது அது. எல்லா டிஃபெக்ட்டும் செயல்மையம் ஆகிவிடாது. பிடி மிக இறுகினால் மூலக்கூறு போகாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். நிக்கலில் கரிப்படிவு முளைவிடுவதும் இதே படிகளில்தான். ஆகவே நல்லது, கெட்டது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதாத சொல் வேண்டும்.

என் பரிந்துரை 'பரப்புப் பிறழ்வு'. அணுக்களின் வரிசை ஓரிடத்தில் ஒழுங்கிலிருந்து பிறழ்கிறது, அவ்வளவுதான் அது சொல்கிறது. கூடினாலும் பொருந்தும், குறைந்தாலும் பொருந்தும். பிறழ்ந்த பரப்பு, பிறழிடம், பிறழ்வடர்த்தி என்று கிளைக்கவும் செய்கிறது. 'மனப்பிறழ்வு' என்ற சொல்லின் நிழல் இதன்மேல் விழும், உண்மைதான். ஆனாலும் 'குறை' ஏற்படுத்தும் தவறான புரிதலை நினைத்தால் அந்த நிழல் லேசானது. படிகத்தின் உட்புறத்துக்குப் 'படிகக் குறைபாடு' பாடநூல்களில் ஊன்றிவிட்டது. அதை அசைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

வகைகளுக்கு எளிய சொற்களே போதும். டெரஸ் சமதளம், ஸ்டெப் படி, ஆட்ஆட்டம் மேலணு. படி விளிம்பு திரும்பும் மூலையான 'கிங்க்' என்பதற்கு, 'மூலைமுடுக்கு' நம் வாயில் இருப்பதால் 'முடுக்கு' என்றுதான் முதலில் எழுதிப் பார்த்தேன். ஆனால் முடுக்கம், முடுக்கி என்று இயற்பியல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. 'படிமூலை' என்றால் பார்த்தவுடன் புரிகிறது. அணு விடுபட்ட இடத்துக்கு 'வெற்றிடம்' வேண்டவே வேண்டாம். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் மீயுயர் வெற்றிடத்தில் நடப்பவை. எந்த வெற்றிடத்தைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும். 'அணுக்குழி' என்று வைக்கலாம்.

அப்புறம் அட்சார்ப்ஷன், டிசார்ப்ஷன், அதாவது மூலக்கூறு பரப்பில் ஒட்டித் தங்குவதும் அதை விட்டு நீங்குவதும். 'புறத்துறிஞ்சல்' எனக்குப் பிடிக்கவில்லை. உறிஞ்சுவது உள்ளே இழுப்பது. உள்ளே போவதிலிருந்து மேலே தங்குவதைப் பிரித்துக் காட்டத்தானே 1881இல் ஜெர்மன் இயற்பியலாளர் கெய்சர் அட்சார்ப்ஷன் என்ற சொல்லையே கொண்டுவந்தார்! 'பரப்புக் கவர்தல்' பரவாயில்லை, ஆனால் அதன் எதிர்ச்சொல் 'கவர்தல் நீக்கம்' என்று வரும்போது யாரோ கவர்ச்சியை நீக்குவதுபோல் ஒலிக்கிறது. 'பரப்புப் பற்றல்', 'பரப்பு விடல்' என்று வைத்தால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். 'ஹைட்ரஜன் பற்றியது' என்று எழுதினால் தீப்பிடித்தது என்று படிப்பார்கள். 'பரப்பில் பற்றிக்கொண்டது' என்று எழுதித் தப்பிக்கலாம், ஆனால் பெயர்ச்சொல்லில் இந்தக் குழப்பத்தை எப்படித் தவிர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்கு வழி தெரிந்தால் எழுதுங்கள்.