முதல் கைத்துப்பாக்கியாக .22 ரிம்ஃபயர்: ஐந்நூறு டாலருக்குள் எதை நம்பி வாங்கலாம்?

நொய்யல் (பிளேனோ, டெக்சஸ்):

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் அண்மையில் ஓர் உள்ளரங்கச் சுடுதளத்தில் தொடக்கநிலைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தோம். இருவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள். வகுப்பில் 9 எம்.எம். பிஸ்டலைக் கொடுத்தார்கள். விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொள்வதும் கை கீழே அமிழ்வதுமாக இருந்ததால், என் குண்டுகள் எல்லாம் இலக்குத்தாளின் அடிப்பகுதியிலேயே போய் விழுந்தன. அதிர்வுக்குப் பயப்படும் பழக்கம் ஊறிவிடுவதற்கு முன் 9 எம்.எம்.மைவிடச் சிறிய .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவில் பழகிக்கொள்ளுங்கள் என்று பயிற்றுநர் அறிவுறுத்தினார்.

அதன்படி அடுத்த வாரம் ஒரு சிறிய .22 பிஸ்டலை வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். அதிர்வு ஏறக்குறைய இல்லை. ஆனால் வேறு தொல்லை வந்தது. சில தோட்டாக்களுக்கு 'டிக்' என்ற ஓசை மட்டுமே கேட்டது. வேறு சில வெடித்த பிறகு, காலிக்கூடு முழுவதும் வெளியேறாமல் ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்பின்னாக நகரும் பகுதி) திறப்பில் செங்குத்தாகச் சிக்கி நின்றது. பெட்டியில் கொட்டிக் கிடந்த மலிவுத் தோட்டாக்களைத்தான் சுடுதளத்தில் கொடுத்தார்கள்.

.22 என்றாலே இப்படித்தானா, அல்லது அந்தத் துப்பாக்கியின் குறையா? வரி, தோட்டா, பூட்டுப்பெட்டி அனைத்தும் சேர்த்து ஐந்நூறு டாலருக்குள் முடிக்க விரும்புகிறோம். மனைவிக்கு ஸ்லைடை இழுப்பது கடினமாக உள்ளது. வீட்டில் எட்டு வயது மகன் இருக்கிறான். தேவை சுடுதளப் பயிற்சிக்கு மட்டுமே.

மேட்டூரான்:

வணக்கம் நொய்யல். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எதை வாங்குவது என்பதும் பாதி தெளிந்துவிடும்.

முதலாவது, வெடிக்காமல் போவது. 9 எம்.எம். போன்ற சென்டர்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து, அடிப்பகுதியின் நடுவில் தனிக் குப்பியாகப் பொருத்தப்பட்டிருக்கும். .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் அப்படித் தனிக் குப்பி கிடையாது. கூட்டின் அடியில் மடிந்திருக்கும் விளிம்புக்குள் அந்த மருந்தை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றி விளிம்பு முழுவதும் பரவச் செய்கிறார்கள். விளிம்பின் ஏதோ ஓரிடத்தில் மருந்து சரியாகப் பரவாமல் விட்டுப்போய், சுத்தி ஊசி சரியாக அந்த இடத்திலேயே விழுந்தால், 'டிக்' என்ற ஓசைதான் மிச்சம். அதே தோட்டாவைச் சற்றுத் திருப்பி மீண்டும் இட்டால் பெரும்பாலும் வெடித்துவிடுவதே இதற்குச் சான்று. ஆனால் 'டிக்' கேட்டவுடன் துப்பாக்கியைத் திறந்துவிடாதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். தாமதமாகத் தீப்பற்றும் தோட்டாவும் உண்டு. ஓசை வழக்கத்தைவிட மெலிந்து 'புஸ்' என்று கேட்டாலோ, அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். தோட்டாக்களை நீக்கிவிட்டுக் குழலைச் சோதித்தாக வேண்டும்.

இரண்டாவது, கூடு சிக்குவது. .22 பிஸ்டல்களில் வெடிப்பின் பின்னழுத்தம்தான் ஸ்லைடையோ, சில மாதிரிகளில் தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டையோ நேரடியாகப் பின்னால் தள்ளுகிறது. 1887 இல் வந்த இந்தத் தோட்டாவுக்கு இருப்பதே சிறிதளவு ஆற்றல். அதில் கொஞ்சம் குறைந்தாலும் இயக்கம் பாதியில் நின்றுவிடும். மலிவுத் தோட்டாக்களில் ஒன்றுக்கொன்று வேக வேறுபாடு அதிகம். போதாக்குறைக்கு, ஈயக் குண்டின் வெளிப்புறத்தில் பூசப்பட்ட மெழுகும் எரிந்த கரியும் சேர்ந்து தோட்டா அறையில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். வாடகைத் துப்பாக்கியை யார், எப்போது துடைத்தார்களோ! அதன் மேல் உங்கள் மணிக்கட்டும் தளர்ந்திருந்தால், ஸ்லைடு பின்னால் போகவேண்டிய விசையில் ஒரு பங்கைக் கை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆகவே எந்தத் துப்பாக்கி என்று கேட்பதற்கு முன் எந்தத் தோட்டா என்று கேளுங்கள். அதே சுடுதளம் அனுமதித்தால், அதே பிஸ்டலில் சிசிஐ மினி மேக் போன்ற 40 கிரெயின் அதிவேகத் தோட்டா ஒரு பெட்டியைச் சுட்டுப் பாருங்கள். பெட்டியில் விநாடிக்கு 1,235 அடி வேகம் என்று போட்டிருக்கும். அது நீண்ட ரைஃபிள் குழலில் அளந்த எண். பிஸ்டலின் குட்டைக் குழலில் அவ்வளவு வராது. இருந்தாலும், 1,070 அடி என்று குறித்திருக்கும் வழக்கமான வேகத் தோட்டாவைவிடச் சிறிய பிஸ்டல்களை அது உறுதியாக இயக்கும். தொல்லை நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

தேன்மொழி (ஹியூஸ்டன்):

மேட்டூரான் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிறிய, 9 எம்.எம். பிஸ்டலின் சாயலில் செய்த .22 ஒரு வகை. இலக்குப் பயிற்சிக்கென்றே வடிவமைத்த .22 வேறு வகை. நீங்கள் வாடகைக்கு எடுத்தது முதல் வகை என்று ஊகிக்கிறேன். முதல் துப்பாக்கிக்கு இரண்டாம் வகையே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அவ்வகையில் ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ஆகிய மூன்றும் பரவலாகக் கிடைக்கின்றன. மூன்றுக்கும் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) பத்துத் தோட்டா. மூன்றிலும் குழலும் குறிக்காணிகளும் அசைவதில்லை. பின்புறமுள்ள சிறிய போல்ட் மட்டுமே முன்பின்னாகப் போய்வருகிறது. உங்கள் மனைவிக்கு இது பெரிய உதவியாக இருக்கும், ஏனெனில் முழு ஸ்லைடைப் பற்றி இழுக்காமல் போல்ட்டின் இரு காதுகளை மட்டும் பிடித்து இழுத்தால் போதும். எனக்கும் விரல்களில் வலிமை குறைவு. இந்த அமைப்பில்தான் நான் யாருடைய உதவியும் இல்லாமல் சுடத் தொடங்கினேன்.

மூன்றுக்குள் எனது தேர்வு ரூகர் மார்க் 4. காரணம் துல்லியமன்று, துல்லியத்தில் மூன்றும் நம்மைவிட மேல். காரணம் துடைக்கும் வசதி. 1949 இல் தொடங்கிய இந்த வரிசையில் மார்க் 3 வரை கழற்றி மாட்டுவது ஒரு தண்டனை. பலர் அதற்குப் பயந்தே துடைக்காமல் விட்டுவிட்டார்கள். 2016 இல் வந்த மார்க் 4 இல் பின்புறமுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் குழல் பகுதி தனியே மடிந்து கழன்றுவிடும். பக் மார்க்கிலும் விக்டரியிலும் திருகைக் கழற்ற அறுகோணச் சாவி வேண்டும். ரிம்ஃபயர் எவ்வளவு கரியைத் துப்பும் என்பதைப் பார்த்த பிறகு, எளிதில் கழற்றக்கூடியதே அடிக்கடி துடைக்கப்படும், அடிக்கடி துடைக்கப்படுவதே தடையில்லாமல் ஓடும் என்ற முடிவுக்கு வருவீர்கள்.

மார்க் 4 இல் முழு எஃகில் செய்த டார்கெட் மாதிரி ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், விலையும் கூடும். பாலிமர் பிடி கொண்ட 22/45 மாதிரி உங்கள் கணக்குக்குள் அடங்கும். பழையது வாங்குவதானால் வரிசை எண்ணைப் பாருங்கள். 401 அல்லது டபிள்யூபிஆர் என்று தொடங்கினால் அது 2017 ஜூன் மாதத்துக்கு முன் செய்யப்பட்டது. பாதுகாப்பு நெம்புகோல் இடைநிலையில் நிற்கும்போது விசையை இழுத்துவிட்டால், பிறகு அந்த நெம்புகோலை நகர்த்தும் நேரத்தில் வெடித்துவிடும் வாய்ப்பு இருந்ததால், அந்தத் தொகுதியை நிறுவனமே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தந்தது. அந்தப் பழுது நீக்கப்பட்டதா என்று உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள்.

ஆஸ்டின்வாசி:

இத்தனை பாடு எதற்கு? ஹெரிடேஜ் ரஃப் ரைடர் அல்லது ரூகர் ராங்ளர் ரிவால்வரை வாங்குங்கள். இருநூறு டாலரை ஒட்டி முடிந்துவிடும். சிக்குவதற்கு ஸ்லைடே இல்லை.

மேட்டூரான்:

ஆஸ்டின்வாசி சொல்வது வேடிக்கைப் பேச்சன்று. ரிவால்வரைக் கை இயக்குகிறது, தோட்டாவின் ஆற்றல் இயக்குவதில்லை. அதனால் மெலிந்த தோட்டாவும் அதில் தகராறு செய்யாது. ஆனால் அவர் சொன்ன இரண்டும் ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டிய வகை. பக்கவாட்டு மூடியைத் திறந்து, காலிக்கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியேற்றி, ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். நிதானம் பழக நல்லது. ஆனால் நொய்யல் பின்னாளில் 9 எம்.எம். பிஸ்டலுக்குத் திரும்ப வேண்டும் என்றால், மேகசின் மாற்றுவதும் சிக்கலை நீக்குவதும் கைக்குப் பழக்கமாக வேண்டாமா? இரண்டாவது துப்பாக்கியாக இதை மகிழ்ச்சியோடு பரிந்துரைப்பேன்.

9 எம்.எம். வடிவத்திலேயே வேண்டும் என்பவர்களுக்கு, 2019 இல் வந்த டாரஸ் டிஎக்ஸ்22 உண்டு. அரைக்கிலோவுக்கும் சற்றுக் குறைவான எடை, பதினாறு தோட்டா மேகசின், மென்மையான ஸ்லைடு. அவ்வடிவத்து .22களில் விலைக்கு இதுவே முந்தும் என்று நினைக்கிறேன்.

புதுவரவு:

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நானும் வாங்க முடியுமா? என் நண்பர்கள் .22 வெறும் பொம்மை என்கிறார்களே?

தேன்மொழி (ஹியூஸ்டன்):

குடியேற்றமல்லாத விசாவில் இருப்போர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உள்ளன. ஆனால் இதில் பிசகினால் அது குற்ற வழக்கு, விசாவும் போய்விடும். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்காமல் கடைவாசலை மிதிக்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நொய்யல், கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பும்போது உங்கள் ஏலியன் எண்ணை (வெளிநாட்டவர் பதிவு எண்) கேட்பார்கள், பிறகு பின்னணிச் சோதனை நடக்கும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாநிலத்துக்குள்ளேயே அதைப் பெற வேண்டும்.

பொம்மை என்ற பேச்சைப் பற்றி: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் போட்டி .22 தோட்டாவில்தான் நடக்கிறது. ஒரு மைலுக்கு அப்பாலும் அந்தக் குண்டு போய் விழக்கூடும்.

நொய்யல் (பிளேனோ, டெக்சஸ்):

மிக்க நன்றி. அதே வாடகைப் பிஸ்டலில் மினி மேக் சுட்டுப் பார்த்தோம். கூடு சிக்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது, 'டிக்' அறவே இல்லை. பிறகு டிஎக்ஸ்22, மார்க் 4 22/45 இரண்டையும் எடுத்துச் சுட்டோம். எனக்கு இரண்டும் பிடித்திருந்தன. மனைவி மார்க் 4 ஐக் கீழே வைக்கவே மனமில்லாமல் இருந்தார். நானூறு டாலரை ஒட்டிய விலை, 8.25 விழுக்காடு வரி, மிச்சத்தில் சிறிய பூட்டுப்பெட்டியும் தோட்டாவும் என்று கணக்குப் போட்டால் நூலிழையில் அடங்குகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகலாமா? மகன் இருக்கும் வீட்டில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மேட்டூரான்:

தோட்டா அறை காலியாக இருக்கும்போது விசையை அழுத்தினால், ரிம்ஃபயர் ஊசி தோட்டா விளிம்பு இல்லாத இடத்தில் அறையின் ஓரத்தையே மோதிப் பள்ளமாக்கும் ஆபத்து உண்டு. மார்க் 4 இல் ஊசியைத் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு ஆணி உள்ளது. துடைத்த பிறகு அதை மாட்ட மறந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வன்பொருள் கடையில் சுவரில் திருகு பதிக்க விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர்களில் நான்கு முதல் ஆறு எண் வரையுள்ளவை .22 அறையில் கச்சிதமாக உட்காரும். பலரும் அவற்றையே போலித் தோட்டாவாகப் பயன்படுத்துகிறார்கள், நானும் அப்படியே. பழகும் அறைக்குள் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தேன்மொழி (ஹியூஸ்டன்):

மகனைப் பற்றி. டெக்சஸில் 17 வயதுக்குட்பட்டவர் குண்டு நிரப்பிய துப்பாக்கியை எடுக்கும்படி கவனக்குறைவாக விட்டுவைப்பது குற்றம். கடையில் துப்பாக்கியோடு ஒரு கம்பிப்பூட்டு தருவார்கள். அதை இரண்டாம் பாதுகாப்பாக மட்டும் கருதுங்கள். துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு இடத்தில் பூட்டில், சாவி உங்கள் இருவரிடம் மட்டும்.

யாரும் பேசாத இன்னொன்று ஈயம். .22 குண்டும் ஈயம், அதன் பற்றுமருந்திலும் ஈயச் சேர்மம். உள்ளரங்கில் சுட்டபின் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கையும் முகமும் கழுவிய பிறகே எதையும் உண்ணுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிய பின்னரே மகனைத் தூக்குங்கள். துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைக்காதீர்கள்.

நொய்யல் (பிளேனோ, டெக்சஸ்):

வாங்கிவிட்டோம். இருவரும் சுட்டோம், பெரும்பாலும் குறையில்லை. ஆனால் ஒரு மேகசினில் மட்டும் தோட்டாவின் மூக்கு கீழே சரிந்து, அறைக்குள் ஏறாமல் நின்றுவிடுகிறது. மற்றொரு மேகசினில் அப்படி நடக்கவில்லை. அந்த மேகசினைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

மேட்டூரான்:

அவசரப்படாதீர்கள். நிரப்பும்போது மேகசினின் பக்கத்திலுள்ள பொத்தானை அடிவரை இழுத்துவிட்டுத் தோட்டாக்களை மொத்தமாகக் கொட்டுகிறீர்களா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் அவை உள்ளே குறுக்காகச் சரியும், மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஒரு தோட்டாவுக்கு இடம் விடும் அளவுக்கு மட்டும் பொத்தானைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக வைத்து, மேல்தோட்டாவின் விளிம்பு எப்போதும் கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்காரும்படி நிரப்புங்கள். இரண்டு மேகசின்களுக்கும் அடியில் 1, 2 என்று எண் எழுதி, எது சிக்குகிறது என்று கவனியுங்கள். இப்படி நிரப்பியும் அதே மேகசின் மட்டும் தொடர்ந்து தகராறு செய்தால், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நொய்யல் (பிளேனோ, டெக்சஸ்):

மனைவி நிரப்பிய மேகசின் சிக்காமல் நான் நிரப்பியது மட்டும் சிக்கியதன் காரணம் இப்போது புரிகிறது. அவர் முதலிலிருந்தே ஒவ்வொன்றாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னபடி நிரப்பிய பிறகு இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. நன்றி.