கலைச்சொல் வேண்டும்: டார்கெட்டட் ஹைஜீன்

அனைவருக்கும் வணக்கம். பெண்கள் விடுதி ஒன்றின் தூய்மைப் பணியாளர்களுக்குப் பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டார்கெட்டட் ஹைஜீன்’ என்பதற்குச் சொல் தேவை. கட்டடம் முழுக்க மருந்து அடிப்பதல்ல இது. தொற்று கைமாறும் இடங்களை, கைமாறும் நேரம் பார்த்துச் சுத்தம் செய்வது: கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, லிப்ட் பொத்தான், சமையலறைத் துடைதுணி. ‘இலக்குச் சுகாதாரம்’ என்று போட்டிருக்கிறேன். அரசுத் திட்டத்தின் பெயர் போலத் தொனிக்கிறது.
(கோவை)

*

> இலக்குச் சுகாதாரம்

சுகாதாரம் வடசொல், வேண்டாம். ‘புறந்தூய்மை நீரான் அமையும்’ என்றார் வள்ளுவர். ‘இடனறிதல்’ என்று ஓர் அதிகாரமும் வைத்தார். சேர்த்தால் ‘இடனறி தூய்மை’. வினைத்தொகை, ஆகவே நடுவில் த் மிகாது. இடம் இடனானது கடைப்போலி, அறம் அறனானதைப் போல. புறநானூற்றின் ‘தூவெள் அறுவை’யிலும் (தூய வெள்ளை ஆடை) இதே ‘தூ’தான். அன்னத்தின் தூவிக்கும் (இறகு) இதுவே வேர் என்பது என் கருத்து; அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.
(மதுரை)

*

ஐயா, எங்களுக்குச் சுகாதாரம் அன்றாடச் சொல். சுகாதார அமைச்சு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று சிறு பிள்ளையும் சொல்லும். நீங்கள் கிருமிநாசினி என்பதை நாங்கள் தொற்றுநீக்கி என்போம். சுகாதாரத்தை வடமொழி என்று தள்ளினால் நாசினியை என்ன செய்வீர்கள்? இன்னொன்று, தூய்மை கண்ணுக்குத் தெரிவது. பளபளக்கும் குழாயிலும் கிருமி இருக்கும். சொல்லில் ‘தொற்று’ வந்தே ஆகவேண்டும்.
(யாழ்ப்பாணம்)

*

> இடனறி தூய்மை

இடம் அறிந்தால் போதுமா? கழிப்பறை போய் வந்ததும், பச்சை இறைச்சியைத் தொட்டதும், சாப்பிடும் முன், நோயாளியைக் கவனித்த பின் என்று காலமும் அறியவேண்டும். மருத்துவமனையில் கை சுத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்ததும் அதனால்தான். 2020இல் கொரோனாவுக்காகத் தெருத்தெருவாகக் கிருமிநாசினி தெளித்தார்கள். அந்த மே மாதமே அந்நிறுவனம் அது பயன்படாது என்றது, மண்ணும் அழுக்கும் குளோரினை முடக்கிவிடுவதால். முதலில் சோப்பு, அப்புறம்தான் கிருமிநாசினி. பணியாளருக்கு இந்த வரிசைதான் முக்கியம். ‘இடனறி’ என்றால் அவர் நின்று பொருள் கேட்பார். ‘கைபடும் இடச் சுத்தம்’ என்றால் உடனே தாழ்ப்பாளைப் பார்ப்பார்.
(சென்னை, செவிலியர் பயிற்சி)

*

> கைபடும் இடச் சுத்தம்

நீங்கள் கேட்ட காலம் இதில் எங்கே? சொற்றொடரைக் கலைச்சொல் என்று ஏற்க எனக்கு மனமில்லை. உற்றுழி என்பது தேவை நேர்ந்தபோது; ‘உற்றுழித் தூய்மை’ என்றால் வேண்டிய நேரமும் அடங்கும்.
(மதுரை)

*

ஐயா, உற்றுழியை வகுப்பில் என்னால் விளக்க முடியாது. சுவரொட்டியில் ‘கைபடும் இடச் சுத்தம்’, பயிற்றுநர் பக்கத்தில் ‘இடனறி தூய்மை’ என்று அனுப்புகிறேன். மூவர் சரி என்றார்கள். ‘தொற்று’ தலைப்பில் வரவில்லை, முதல் வரியில் வருகிறது.
(கோவை)

*

முதல் வரியை யாரும் படிப்பதில்லை, தங்கச்சி. தலைப்பிலேயே போடுங்கோ.
(யாழ்ப்பாணம்)